மூக்கடைப்புக்கு எதை எடுப்பது? செட்டு மாத்திரை முதல் உப்புத் தண்ணீர் வரை

போன தை மாதம். காவேரிப்பட்டணத்தைச் சுற்றி மாமரமெல்லாம் பூத்துக் கிடந்த நேரம். காலை எட்டு மணியாகியும் பனி விலகாது. அப்படி ஒரு வாரத்தில் எனக்கு இரண்டு மூக்கும் அடைத்துக்கொண்டது. குனிந்தால் நெற்றிக்குள் ஏதோ உருண்டு முன்னால் வந்து நிற்பது போல ஒரு கனம். நான்காவது நாள் சாயங்காலம் வேலை முடிந்து வரும் வழியில் மெடிக்கல் கடையில் நின்றேன்.

"என்னம்மா, சைனஸா? மூணு நாளைக்கு செட்டு போட்டுத் தரட்டுமா?"

நான் பதில் சொல்வதற்குள் கத்தரிக்கோலை எடுத்துவிட்டார். அசித்ரோமைசின் என்கிற ஆன்டிபயாட்டிக் அட்டை ஒன்று, சளிக்கு ஒன்று, வலிக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று. "வேற எதுவும் இல்லீங்களாண்ணா?" என்று கேட்டேன். மனிதர் சலித்துக்கொள்ளவில்லை. கண்ணாடி மேசைமேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்: மூக்கில் விடும் சொட்டு மருந்து, ஸ்டீராய்டு ஸ்ப்ரே, ஆவி பிடிக்கிற கேப்சூல், மூக்கு கழுவும் உப்புப் பொடிப் பாக்கெட். "இதுல எது வேணும்னு நீயே சொல்லும்மா. நீதான் லேப்ல இருக்கிறியே."

அது கிண்டலா மரியாதையா என்று இன்னும் தெரியவில்லை. ஆனால் மேசைமேல் இருந்த ஐந்தையும் பார்த்தபோது ஒன்று உறைத்தது. ஐந்தும் ஒரே அடைப்புக்குத்தான். ஆனால் ஒவ்வொன்றும் மூக்குக்குள் செய்யும் வேலை வேறு. ஒன்று அங்கே குடியிருக்கும் பாக்டீரியாவைக் கொல்லும், ஒன்று இரத்தக் குழாயைச் சுருக்கும், ஒன்று வீக்கத்தைக் குறைக்கும், ஒன்று வெறுமனே கழுவிவிடும். அன்று நான் எதையும் வாங்காமல் வந்துவிட்டேன். பிறகு யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை, கிருஷ்ணகிரியில் ஒரு லேபில் டெக்னீஷியன். அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

மூக்குக்குள் யார் இருக்கிறார்கள்

"எனக்கு சைனஸ் இருக்கு" என்று, சர்க்கரை இருக்கு என்பது மாதிரிச் சொல்கிறோம். சைனஸ் எல்லோருக்கும் இருக்கிறது, நான்கு ஜோடி. கன்ன எலும்புக்குள், நெற்றிக்குள், இரண்டு கண்களுக்கு நடுவில், அப்புறம் மண்டையின் மையத்தில். காற்று நிறைந்த அறைகள்; சின்னத் துவாரங்கள் வழியாக மூக்குக்குள் திறக்கும். உள்ளே ஊறும் சளியை நுண்ணிய மயிர்கள் நொடிக்குப் பத்துப் பதினைந்து முறை அடித்து அடித்துத் துவாரத்தை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தச் சளியை நாம் நாள் முழுக்க விழுங்குகிறோம், தெரிவதில்லை. துவாரம் வீங்கி மூடிக்கொண்டால்தான் தொல்லை.

லேப் டெக்னீஷியனுக்கான டி.எம்.எல்.டி. படித்தபோது ஒரு செய்முறை வகுப்பு. ஆளுக்கொரு பஞ்சுக் குச்சி கொடுத்து, அவரவர் மூக்கில் சுழற்றி எடுத்து, கிருமி வளர்த்துப் பார்க்கும் மேனிட்டால் உப்பு அகார் தட்டில் இழுக்கச் சொன்னார்கள். இளஞ்சிவப்பாக இருக்கும் அந்தத் தட்டு. ஒரு நாள் கழித்து இன்குபேட்டரைத் திறந்தால் ஒரு தட்டுகூடக் காலியாக இல்லை. என் தட்டில் வெள்ளை வெள்ளையாகக் கடுகு சிந்தினாற்போல ஸ்டஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ். தட்டின் நிறம் அப்படியே இருந்தது. பக்கத்தில் நின்ற தோழியின் தட்டு பாதிக்குமேல் மஞ்சளாகிவிட்டது. அது ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ், ஆஸ்பத்திரிக்காரர்கள் பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கிற கிருமி. அவளுக்குச் சளியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. ஆனாலும் அழுகிற நிலைமைக்கு வந்துவிட்டாள். "பத்துப் பேரை எடுத்தா மூணு பேர் மூக்குல இது இருக்கும். போய்ச் சாப்பிடு போ" என்றார் மேடம். அந்தக் கணக்கு சரிதான். எந்த நேரத்தில் எடுத்துப் பார்த்தாலும் ஆரோக்கியமானவர்களில் ஏறத்தாழ 30 சதவீதம் பேர் அதை மூக்கில் சுமக்கிறார்கள். 20 சதவீதம் பேர் நிரந்தரமாகவே.

தட்டில் வளர்வது கொஞ்சம்தான். ஆரோக்கியமான சைனஸ் கிருமியே இல்லாத இடம் என்றுதான் வெகுகாலம் பலரும் நம்பினார்கள். வளர்த்துப் பார்ப்பதை விட்டு டி.என்.ஏ.வைப் படிக்கத் தொடங்கிய பிறகு அந்த நம்பிக்கை போய்விட்டது. கோரினேபாக்டீரியம், க்யூட்டிபாக்டீரியம், எபிடெர்மிடிஸ், டோலோசிகிரானுலம் இவையெல்லாம் நன்றாக இருப்பவர்களின் மூக்கிலேயே வழக்கமாகக் காண்பவை. நிமோனியா உண்டாக்கும் நியூமோகாக்கஸும் சில சமயம் அந்தக் கூட்டத்தில் சத்தமில்லாமல் இருக்கும், குழந்தைகளிடம் அடிக்கடி.

இவை சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. கோரினேபாக்டீரியம் அக்கோலென்ஸ் என்பது நம் தோலின் எண்ணெய்ப் பசையை உடைத்துக் கொழுப்பு அமிலமாக்குகிறது. அந்த அமிலம் நியூமோகாக்கஸை வளரவிடுவதில்லை. 2016இல் வெளியான ஆய்வு இது. அதே ஆண்டு ஜெர்மனியின் ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்தில் இன்னொரு விஷயத்தைக் கண்டார்கள். ஸ்டஃபிலோகாக்கஸ் லுக்டுனென்சிஸ் என்கிற மூக்குக் கிருமி தானே ஒரு ஆன்டிபயாட்டிக் செய்கிறது. லுக்டுனின் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அவர்கள் சோதித்த 187 நோயாளிகளில் லுக்டுனென்சிஸ் இல்லாதவர்களில் ஏறத்தாழ 35 சதவீதம் பேர் மூக்கில் ஆரியஸ் இருந்தது. இருந்தவர்களிடம் 6 சதவீதம்தான். நம் உடம்பும் கைகட்டி நிற்பதில்லை. அலெக்சாண்டர் ஃப்ளெமிங் தனக்குச் சளி பிடித்தபோது தன் மூக்குச் சளியையே எடுத்துச் சோதித்து, பாக்டீரியாவைக் கரைக்கும் லைசோசைமைக் கண்டறிந்தார். அதை அவர் வெளியிட்டது 1922இல், பெனிசிலினுக்கு ஆறு வருடம் முன்பு.

2012இல் சான்பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தார் நாள்பட்ட சைனஸ் தொல்லைக்காரர்களையும் நன்றாக இருப்பவர்களையும் ஒப்பிட்டார்கள். சிறிய ஆய்வுதான். தொல்லை உள்ளவர்களிடம் பாக்டீரியா அதிகம் என்பதைவிட வகை குறைவு என்பதுதான் கண்ணில் பட்டது. பல வகை இருந்த இடத்தில் ஒன்று மட்டும் பெருத்திருந்தது. அப்படிப் பெருத்ததும் ஒரு கோரினேபாக்டீரியம்தான், வேறு இனம். ஒரு பங்காளி காவல் காக்கிறான், இன்னொருவன் கதவை உடைக்கிறான்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு "எது கிருமியை நன்றாகக் கொல்லும்" என்று கடையில் கேட்க முடியவில்லை. உள்ளே இருக்கும் கூட்டத்தைக் கலைக்காமல் அடைப்பை மட்டும் எப்படி எடுப்பது என்பதே கேள்வியாகிவிட்டது.

செட்டு மாத்திரை

முதலில் இதைத்தான் பேச வேண்டும், ஏனென்றால் நம் பக்கம் முதலில் கைக்கு வருவது இதுதான்.

தடுமம் எனப்படும் சாதாரண ஜலதோஷம் வைரஸால் வருவது. அதிலும் சைனஸ் வீங்கும், கன்னம் வலிக்கும். நூறு ஜலதோஷத்தில் ஒன்றோ இரண்டோதான் பாக்டீரியா சைனஸ் தொற்றாக மாறும். மீதிப் பேருக்கு அசித்ரோமைசின் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. வைரஸை அது தொடாது. "ஆனா எனக்கு மூணாம் நாளே சரியாயிடுச்சே" என்பார்கள். செட்டு வாங்கப் போவதே நான்காம், ஐந்தாம் நாள். ஏழாம் நாள் தானாகவே இறங்கியிருக்கும். பெயர் மாத்திரைக்குப் போகிறது.

சளி பச்சையாகிவிட்டது, அதனால் ஆன்டிபயாட்டிக் என்பது இன்னொரு நம்பிக்கை. லேபில் தினம் சளி பார்க்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பச்சை பெரும்பாலும் நம் வெள்ளணுக்களின் நிறம். சண்டை போட வந்த நியூட்ரோஃபில்களுக்குள் பச்சை நிற என்சைம் ஒன்று உண்டு. வைரஸ் சளியிலும் பச்சை வரும்.

மருத்துவரே பார்த்துச் சைனஸ் தொற்று என்று சொன்னவர்களை வைத்து 2018இல், மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பு பல ஆய்வுகளைத் தொகுத்தது. ஆன்டிபயாட்டிக் எடுக்காதவர்களில் 46 சதவீதம் பேர் ஒரு வாரத்திலும் 64 சதவீதம் பேர் இரண்டு வாரத்திலும் குணமாகிவிட்டார்கள். ஆன்டிபயாட்டிக் எடுத்தால் நூறு பேரில் ஐந்திலிருந்து பதினொரு பேர் கூடுதலாகச் சீக்கிரம் குணமானார்கள். கிட்டத்தட்ட அதே அளவுக்கோ, அதற்கு மேலோ வயிற்றுப்போக்கு, குமட்டல் என்று பக்க விளைவு. லாபமும் நஷ்டமும் கிட்டத்தட்டச் சமம் என்கிற வியாபாரம்.

இதோடு மூக்கின் குடித்தனக்காரர்களையும் சேர்த்துப் பாருங்கள். வாயில் விழுங்கினாலும் மருந்து இரத்தம் வழியாக மூக்குச் சவ்வுக்கும் வந்து சேரும். அக்கோலென்ஸ், லுக்டுனென்சிஸ் என்றெல்லாம் பிரித்துப் பார்க்காது. காட்டில் எல்லாவற்றையும் கருக்கும் களைக்கொல்லி அடித்துவிட்டுப் பாருங்கள், அடுத்த மழைக்கு முதலில் தலை காட்டுவது பார்த்தீனியம்தான். மருந்துக்கு அசையாதது எதுவோ அதற்கு இடம் தாராளமாகக் கிடைத்துவிடுகிறது.

அதிலும் கடையில் கைக்கு வருவது பெரும்பாலும் அசித்ரோமைசின், மூன்று நாளோடு முடிந்துவிடும் என்ற சௌகரியத்துக்காக. அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டி பாக்டீரியா சைனஸ் தொற்றுக்கே இந்த வகையை முதலில் கொடுக்க வேண்டாம் என்கிறது. நியூமோகாக்கஸ் இதற்குப் பழகிவிட்டது காரணம். அந்த வழிகாட்டி முதலில் சொல்வது அமாக்ஸிசிலினும் க்ளாவுலனேட்டும் சேர்ந்த மாத்திரையை. அப்புறம், அட்டையில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு இருக்கும், கவனித்திருப்பீர்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் சாப்பிடாதே என்பதற்கான அடையாளம் அது. 2016இல் மத்திய அரசு அதை விளக்கி ஒரு பிரசாரமே நடத்தியது. நான் பார்த்தவரை கத்தரிக்கோல் அந்தக் கோட்டின் குறுக்கேதான் போகிறது.

ஆன்டிபயாட்டிக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பத்து நாள் தாண்டியும் கொஞ்சமும் இறங்கவில்லை. அல்லது ஐந்தாறு நாளில் குறைந்து, திரும்பவும் காய்ச்சலோடு ஏறுகிறது. அல்லது தொடக்கத்திலேயே 102 டிகிரி காய்ச்சல், சீழ் போன்ற சளி, முகவலி மூன்று நாலு நாள் விடாமல். இந்த மூன்றில் ஒன்று இருந்தால் பாக்டீரியா என்று சந்தேகிக்கலாம், மருத்துவரிடம் போக வேண்டும். அவர் எழுதினால் அவர் சொன்ன நாள்வரை சாப்பிட வேண்டும்.

மூக்கிலுள்ள பாக்டீரியாவைத் திட்டமிட்டே கொல்ல வேண்டிய இடமும் ஒன்று உண்டு. பெரிய அறுவை சிகிச்சைக்கு முன், மூக்கில் ஆரியஸ் உள்ளவர்களுக்கு மட்டும், மூக்குக்குள் மியூபிரோசின் களிம்பும் குளிக்கக் குளோர்ஹெக்சிடின் சோப்பும் கொடுத்துப் பார்த்தார்கள் நெதர்லாந்தில். 2010இல் வந்த முடிவில், பிறகு வந்த ஆரியஸ் தொற்று 7.7 சதவீதத்திலிருந்து 3.4 ஆகக் குறைந்திருந்தது. யாரிடம் இருக்கிறது என்று சோதித்து, காரணத்தோடு, கணக்காகக் கொல்வது அது. தை மாதத் தடுமத்துக்கு அந்த நியாயம் இல்லை.

சொட்டு மருந்தும் மாமாவும்

சைலோமெட்டாசோலின், ஆக்ஸிமெட்டாசோலின் என்று பாட்டிலில் சின்ன எழுத்தில் இருக்கும். விட்ட ஐந்து நிமிடத்தில் மூக்கு திறக்கும். மேசைமேல் இருந்த ஐந்தில் இவ்வளவு வேகமானது வேறில்லை. பாக்டீரியாவைத் தேடிக் கொல்லும் வேலையும் இதற்கு இல்லை. வீங்கிய இரத்தக் குழாயைச் சுருக்குகிறது, அவ்வளவுதான். மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள். அதற்குமேல் போனால் மருந்து இறங்கும்போது முன்னைவிட அதிகமாக அடைக்கும். அடைத்தால் இன்னும் இரண்டு சொட்டு. இப்படியே போகும்.

என் தாய்மாமா பர்கூர் பக்கம் கிரானைட் பாலிஷ் பட்டறையில் இருபது வருடமாக இருக்கிறார். அவர் சட்டைப்பையில் பீடிக்கட்டு இல்லாத நாள்கூடப் பார்த்திருக்கிறேன், அந்தப் பாட்டில் இல்லாத நாளைப் பார்த்ததில்லை. பேசிக்கொண்டே தலையை நிமிர்த்தி, வலதில் இரண்டு, இடதில் இரண்டு. இரண்டு வருடமாக. "இது இல்லாம ராத்திரி கண்ணு மூட முடியாதும்மா" என்கிறார். அவர் சொல்வது பொய்யில்லை, அதுதான் சிக்கல்.

அவருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது. கல் தூசு அவர் மூக்கோடு நிற்பதில்லை, மெல்லிய தூசு நுரையீரல்வரை போகும். தண்ணீர் விட்டு அறுப்பதும், துண்டைக் கட்டிக்கொள்ளாமல் ஒழுங்கான மாஸ்க் போடுவதும்தான் அதற்கு வழி. சொட்டோ கழுவலோ அதைத் தடுக்காது.

ஆவி

நொச்சித் தழை, மஞ்சள், கொஞ்சம் யூகலிப்டஸ் தைலம். போர்வைக்குள் உட்கார்ந்தால் ஒரு சுகம், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சுகம் வேறு, பலன் வேறு. 2016இல் இங்கிலாந்தில் அடிக்கடி சைனஸ் தொல்லை வருகிற 871 பேரைப் பிரித்து, சிலருக்கு மூக்கு கழுவல், சிலருக்கு ஆவி, சிலருக்கு இரண்டும் என்று ஆறு மாதம் பார்த்தார்கள். கழுவியவர்களுக்கு ஓரளவு பலன் இருந்தது. ஆவியில் தலைவலி கொஞ்சம் குறைந்ததைத் தவிர வேறொன்றும் இல்லை. குழந்தைகளுக்கு மட்டும் பாத்திரத்தை வைத்து ஆவி வேண்டவே வேண்டாம். கொதிநீர் மடியில் கவிழ ஒரு நொடி போதும். மூக்கில் எண்ணெய் விடுவதும் அப்படித்தான். தூக்கத்தில் அது நுரையீரலுக்குள் இறங்கினால் எண்ணெயால் வரும் நிமோனியா என்று ஒன்று உண்டு.

உப்புத் தண்ணீர்

கடைசியில் நான் தேர்ந்தெடுத்தது இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தப்பெண்ணம். "உப்பு கிருமியைக் கொன்னுடும்" என்று நினைத்துத்தான் பலர் கழுவுகிறார்கள். மேலே சொன்ன மேனிட்டால் உப்பு அகார் தட்டு ஞாபகம் இருக்கிறதா? அதில் 7.5 சதவீதம் உப்பு. ஸ்டஃபிலோகாக்கஸ் அதில் ஜம்மென்று வளர்கிறது; மற்றவை வளராமல் இருக்கத்தான் அவ்வளவு உப்பே போடுகிறோம். மூக்கு கழுவும் தண்ணீரில் இருப்பதோ 0.9 சதவீதம், நம் இரத்தத்தின் உப்பளவு. அது யாரையும் கொல்லாது. எனக்கு அதுவே பிடித்திருந்தது. கெட்டிச் சளி, பூந்தாது, தூசு, வீக்கத்தைக் கிளப்பும் பொருட்கள் இவற்றை அடித்துக்கொண்டு வெளியே போகும். சளியைத் தள்ளும் மயிர்களுக்குப் பாரம் குறையும். சவ்வோடு ஒட்டி வாழ்கிறவர்களைக் கூண்டோடு காலி செய்யும் மருந்து எதுவும் அதில் இல்லை.

ஆபத்து உப்பில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது. 2011இல் அமெரிக்காவின் லூசியானாவில் வீட்டுக் குழாய்த் தண்ணீரில் மூக்கு கழுவிய இரண்டு பேர் நெக்லேரியா என்ற அமீபா மூளைக்குப் போய் இறந்தார்கள். அந்த அமீபா வயிற்றுக்குள் போனால் ஒன்றும் செய்யாது. மூக்கின் மேல்பகுதி வழியாக ஏறினால்தான் எமன். கேரளாவில் 2024லும் 2025லும் அமீபா மூளைக்காய்ச்சல் வந்த செய்திகளை நாம் படித்தோம். ஆகவே கிணறு, போர், குழாய், கேன் எதுவானாலும் நேரடியாக மூக்குக்குப் போகக் கூடாது. ஆர்.ஓ. தண்ணீர் குடிக்கச் சரி, ஆனால் கிருமி நீக்கிய தண்ணீர் என்று அதை எடுத்துக்கொள்ள முடியாது. தளதளவென்று கொதித்த பிறகு ஒரு நிமிடம் முழுதாகக் கொதிக்கவிட்டு, மூடி வைத்து ஆற்ற வேண்டும். மலை உச்சியில் இருப்பவர்களுக்கு மூன்று நிமிடம் என்பார்கள், அது 2000 மீட்டருக்கு மேலே. ஓசூர், தளிக்காரர்களுக்கு ஒரு நிமிடம் போதும்.

"நம்ம தண்ணியிலதான் ஃப்ளோரைடு இருக்கே" என்று பாலக்கோட்டு அத்தை கேட்டார். நியாயமான கேள்வி. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் அது கூடுதல். பல்லில் கறை, எலும்பு வளைவு எல்லாம் பார்த்த ஊர்கள். அதற்காகவே ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்து 2013இல் தொடங்கிவைத்தார்கள். கொதிக்கவைத்தால் ஃப்ளோரைடு போகாது என்பதும் உண்மை. ஆனால் அது வருடக்கணக்கில் குடிப்பதால் வரும் கேடு. மூக்கு வழியாகப் போய் வெளியே வந்துவிடும் ஒரு டம்ளர் தண்ணீரில் நான் பயப்படுவது அமீபாவுக்கும் பாக்டீரியாவுக்கும்தான். "சரி, அப்ப காவேரித் தண்ணியா பிடிச்சு காச்சிக்கறேன்" என்றார் அத்தை.

பாக்கெட் வாங்கினால் அளவுக் கவலை இல்லை. வீட்டிலேயே செய்வதானால் அரை லிட்டருக்கு ஒரு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவாக அயோடின் சேர்க்காத உப்பு, ஒரு சிட்டிகை ஆப்ப சோடா. நான் கல்லுப்பைத் தண்ணீரோடு போட்டே கொதிக்கவைத்து, ஆறியதும் அடியில் தங்கும் மண்ணை விட்டுவிட்டுத் தெளிவை மட்டும் இறுத்துக்கொள்கிறேன். அளவு கெட்டால் மூக்கே சொல்லிவிடும்: உப்பு குறைந்தால் குளத்தில் குதித்தபோது ஏறுமே, அந்த எரிச்சல்.

முதல் நாள் நான் செய்தது இப்படி. ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்ச் ஒன்று. பின்கட்டுத் தொட்டியின்மேல் குனிந்து, தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, வாயைத் திறந்து "ஆ" என்று மூச்சு விட்டபடி மேல்மூக்கில் மெதுவாக அழுத்தினேன். முதல் சிரிஞ்ச் அப்படியே திரும்பி வந்தது. இரண்டாவதும். மூன்றாவதில் உள்ளே ஏதோ நகர்ந்த மாதிரி இருந்தது. கீழ்மூக்கிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர், அதன் பின்னாலேயே மஞ்சளாக நூல் நூலாக ஒரு நீளமான சளி. பார்த்துக்கொண்டிருந்த என் மகன் "அம்மா, நூடுல்ஸ்" என்று கத்திக்கொண்டு ஓடிப்போனான். அழகான காட்சி இல்லைதான். ஆனால் நான்கு நாளுக்குப் பிறகு அன்று இரவு வாயை மூடிக்கொண்டு தூங்கினேன்.

சிரிஞ்சைத் தினம் கழுவிக் காயவைக்க வேண்டும், ஈரத்தோடு டப்பாவில் போட்டு மூடினால் நாமே கிருமி வளர்க்கிறோம். முழுக்க அடைத்த மூக்கில் பலம் கொடுத்து அழுத்தினால் காதுக்குப் போகும். கழுவியவுடன் படுக்கக் கூடாது, அரை மணி நேரம் ஒழுகும்.

ஸ்டீராய்டு ஸ்ப்ரேயும் நல்ல பாக்டீரியா ஸ்ப்ரேயும்

ஸ்டீராய்டு என்றதும் நம் ஆட்கள் பின்வாங்குவார்கள். ஃப்ளூட்டிகாசோன், மொமெட்டாசோன் ஸ்ப்ரேக்கள் மூக்குச் சவ்வோடு வேலை பார்ப்பவை. இரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. வருடம் முழுக்கத் தும்மல், அரிப்பு, தண்ணீராக ஒழுகல் என்று அலர்ஜிக்காரராக இருந்தால் மேசைமேல் இருந்த ஐந்தில் உங்களுக்கானது இதுதான், மருத்துவரைக் கேட்டு. சொட்டு மாதிரி உடனே திறக்காது. தினமும் அடிக்க வேண்டும், முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். இரண்டு நாள் அடித்துவிட்டு "வேலை செய்யல" என்று பரணில் போட்ட பாட்டில்கள் எத்தனையோ. வலது கையால் இடது மூக்கு, இடது கையால் வலது மூக்கு என்று மாற்றி அடித்தால் நடுச்சுவரில் படாது, இரத்தம் வராது. எனக்கு அது ஒரு வாரத் தடுமம், அலர்ஜி இல்லை, அதனால் எடுக்கவில்லை.

நல்ல பாக்டீரியாவையே மூக்கில் விட்டால் என்ன என்று கேட்கலாம். பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான மூக்கிலிருந்தே ஒரு லாக்டோபேசிலஸைப் பிரித்தெடுத்து, ஸ்ப்ரேயாக்கி, நலமாக இருந்த 20 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், 2020இல் வெளியானது. பாதுகாப்பாக இருந்தது, அவ்வளவே. சுவீடனில் தேனீயிலிருந்து எடுத்த லாக்டிக் அமிலப் பாக்டீரியாவை நாள்பட்ட சைனஸ்காரர்களுக்குக் கொடுத்த 2017 ஆய்வில் பலன் இல்லை. அதே நாட்டில் பிறகு ஆரோக்கியமானவரின் மூக்குச் சளியையே நோயாளிக்கு மாற்றிப் பார்த்தார்கள், 22 பேருக்கு. தொல்லை குறைந்தது என்கிறார்கள். ஒப்பிட வேறு குழு இல்லாத சின்ன ஆய்வு. ஆசை வைக்கலாம், கடையில் தேடக் கூடாது. மோரை மூக்கில் விடலாமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். குடியுங்கள் என்றேன்.

காசு செலவில்லாத ஒன்று மட்டும் இடையில் சொல்லிவிடுகிறேன். சைனஸுக்குள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு உருவாகிறது, கிருமிகளுக்கு ஆகாதது. வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று ரீங்கரித்தால் மூக்கில் அதன் அளவு, சும்மா மூச்சு விடுவதைவிடப் பதினைந்து மடங்கு ஏறுகிறது என்று ஸ்டாக்ஹோமில் 2002இல் அளந்திருக்கிறார்கள். தடுமம் போகும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. நான் பாத்திரம் கழுவும்போது செய்கிறேன்.

கடையைத் தாண்டிப் போக வேண்டியவர்கள்

கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரட்டையாகத் தெரிவது, தாங்க முடியாத தலைவலி, கழுத்து விறைப்பு: இதற்கெல்லாம் மேசைமேல் மருந்து இல்லை, அன்றே ஆஸ்பத்திரி. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கு ஒரு பக்க முகம் மரத்துப்போனாலோ, மூக்குக்குள் கறுப்பாகப் பொருக்கு கட்டினாலோ ஒரு இரவுகூடத் தள்ளக் கூடாது. 2021இல் கருப்புப் பூஞ்சையில் கண்ணை இழந்தவர்களை மறந்திருக்க மாட்டோம். குழந்தைக்கு ஒரே ஒரு மூக்கில் மட்டும் நாற்றமடிக்கும் சளி வந்தால் அது பெரும்பாலும் சைனஸே இல்லை. உள்ளே புளியங்கொட்டையோ பாசிமணியோ இருக்கும். மூன்று மாதம் தாண்டிய அடைப்புக்குக் காது மூக்கு தொண்டை மருத்துவர் உள்ளே கேமரா விட்டுப் பார்க்கட்டும். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. எலும்பு வளைவோ சதையோ இருந்தால் எத்தனை லிட்டர் உப்புத் தண்ணீரும் அதை நிமிர்த்தாது.

எனக்கு நடந்தது இது. நாள்காட்டியில் தடுமம் தொடங்கிய நாளில் ஒரு புள்ளி வைத்து, பத்தாம் நாளை வட்டமிட்டேன். அதுவரை ஆன்டிபயாட்டிக் இல்லை. காலை, இரவு இரண்டு வேளை கழுவல். வலிக்கு ஒரு நாள் மட்டும் பாரசிட்டமால். எட்டாம் நாள் நெற்றிக் கனம் போய்விட்டது. வட்டமிட்ட நாள் வந்தபோது கடை அண்ணன் பார்த்துவிட்டு, "என்னம்மா, வேற கடையில வாங்கிட்டியா?" என்றார். உப்பு என்றேன். அவர் நம்பவில்லை என்று நினைக்கிறேன்.

மாமாவுக்குத்தான் இழுக்கிறது. மருத்துவர் ஸ்ப்ரே எழுதிக் கொடுத்து, சொட்டை ஒரேயடியாக நிறுத்த முடியாவிட்டால் ஒரு மூக்கில் முதலில் நிறுத்துங்கள், அது திறந்த பிறகு அடுத்தது என்றிருக்கிறார். வலது பக்கம் விட்டு மூன்று வாரம் ஆகிறது, அதில் மூச்சு போகிறது. இடதுக்கு என்று பாட்டில் இன்னும் சட்டைப்பையில்தான் இருக்கிறது. "மாம்பழ சீசன் முடியட்டும்மா" என்கிறார்.